என்னுடையதில்லை என்று நான் சொன்ன சாமான்கள்

தம்பி,

சுகம் விசாரித்துத் தொடங்க வேண்டிய கடிதம் இது. நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் அம்மா சொல்கிறாள். நீ அவளோடு போனில் பேசும்போது நான் அடுத்த அறையில்தான் இருக்கிறேன். என்னோடு நீ பேசி ஐந்து வாரம் ஆகிறது. உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை இரத்தினபுரிக்கு பஸ் ஏறினேன். இரண்டு முறையும் உன் கராஜுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு லொறிக்கு அடியில் உன் கால்கள் மட்டும் தெரிந்தன. திரும்பி வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். உறையை நான் ஒட்டப்போவதில்லை. அம்மா படிப்பாள். நீ கட்டிக்கொள்ளப் போகும் ஸ்டெல்லாவும் படிக்கலாம், அவளுடைய அப்பா அம்மாவும் படிக்கலாம். இதில் ஒளித்து வைக்க இனி ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். பூசை முடிந்து நானும் அம்மாவும் வீட்டுக்கு வந்தோம். பின்னால் நாம் கட்டிய சின்ன அறையின் கதவு திறந்து கிடந்தது. கொண்டியைப் பூட்டோடு பெயர்த்திருந்தார்கள். உள்ளே மரப்பெட்டிகள் எல்லாம் காலி. அந்தப் பழைய ரைலி காரின் இரண்டு முன்விளக்குகள், ரேடியேட்டர் மூடி, நீல நிறச் சின்னம், ஸ்டியரிங் வளையம், ஜோடிக் காபரேட்டர், டாஷ்போர்ட் கடிகாரம், ஒன்றும் இல்லை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சத்தம் போட்டாள். நான் வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். தேத்தண்ணீர் கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அதிர்ச்சியில் அப்படி இருக்கிறேன் என்று நினைத்தாள். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் தாடை நம்முடையது போல இருக்காதே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. நான் அழவில்லை, கோபப்படவில்லை என்று நீ அன்று அம்மாவிடம் கவலைப்பட்டாய். உண்மையில் எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை.

நீ ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தாய். காலிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, "எல்லாம் என்னாலதாம்ப்பா. நான் போட்டோ போட்டிருக்கக் கூடாது" என்றாய். அதற்குப் பத்து நாளுக்கு முன், நீ பேஸ்புக்கில் போட்ட படங்களைப் பார்த்து, கொழும்பிலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவன் வேனில் வந்திருந்தான். இந்தக் காரின் சாமான் இலங்கையில் வேறு எங்கும் கிடைக்காது, என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்றான். "இது விக்கிற சாமான் இல்ல, எங்க தாத்தாவோட ஞாபகம்" என்று நீ சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டாய். அவனுடைய ஆட்கள்தான் எடுத்தார்கள், அவனுக்கே தெரியாமல் விற்கப் பார்த்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. படம் போட்டது உன் குற்றம் இல்லை என்று அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ உன்னையே குறை சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பொலிசில் முறைப்பாடு கொடுக்க உன்னைத் தனியாக அனுப்பினேன், முழங்கால் வலி என்று காரணம் சொல்லி. அன்று எனக்கு முழங்கால் வலி இல்லை.

வரக்காப்பொலையிலிருந்து அந்த நானா உனக்கு போன் எடுத்தது அடுத்த கிழமை. பழைய வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் மனுஷர். "தம்பி, நீங்க போட்ட படத்துல இருந்த லைட்டு நம்மட கடைக்கு வந்திருக்கு. ரெண்டு பொடியன்கள் கொண்டு வந்தாங்க. நான் தேத்தண்ணி குடுத்து உக்கார வச்சிட்டு பொலிசுக்குச் சொல்லிட்டேன், சீக்கிரம் வாங்க" என்றார். முன்பின் தெரியாத ஒரு மனுஷன் நமக்காகச் செய்த காரியம் அது. நீ வேனை எடுத்துக்கொண்டு வந்தாய். குருவிட்டையிலிருந்து அவிசாவளை, ருவன்வெல்லை வழியாக வழி முழுக்க நீ பேசிக்கொண்டே வந்தாய். கல்யாணத்துக்கு முந்தியே சாமான் கிடைத்துவிட்டது, ஆண்டவர் காட்டிய அடையாளம் என்றாய். நான் வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பொலிஸ் நிலையத்தில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். மேசை மேல் பத்திரிகைத் தாளை விரித்து எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். பிடிபட்ட இரண்டு பேரும் வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். சார்ஜன்ட் மரியாதையான மனுஷன். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். "சீயா, நல்லாப் பாருங்க. எல்லாம் உங்களோடதுதானே?" என்று தாத்தா முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ சொன்னாய், வெள்ளைக்காரத் தொரை நாட்டை விட்டுப் போகும்போது தன்னுடைய டிரைவராக இருந்த எங்கள் தாத்தாவுக்குக் கொடுத்தது என்று. அதைச் சொல்லும்போது உன் முதுகு நிமிர்ந்தது. சின்ன வயதிலிருந்தே அந்தக் கதையைச் சொல்லும்போது நீ அப்படித்தான் நிமிர்வாய். சார்ஜன்ட் பேனாவை எடுத்தார். "தொரை கொடுத்தது என்று எழுதுகிறேன். அப்பா கையெழுத்துப் போடட்டும். வழக்கு எடுத்தால் கோர்ட்டில் சத்தியம் செய்து இதையே சொல்ல வேண்டும்" என்றார்.

நான் சொன்னேன், "இல்லீங்க மாத்தயா. இது என்னோடது இல்ல."

நீ என் தோளைத் தொட்டு, "அப்பா, நல்லாப் பாருங்க. இது நம்ம கடியாரம்" என்றாய். நான் மறுபடியும் இல்லை என்றேன். நானா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே இறங்கியது. திரும்பி வரும்போது ருவன்வெல்லையில் வேனை ஓரமாக நிறுத்தி, இறங்கிப் போய் ஒரு கடைச்சுவரைப் பார்த்து நின்றாய். ஏறியதும், "ஏம்ப்பா பொய் சொன்னீங்க? என்னய அத்தன பேருக்கு முன்னால பொய்க்காரன் ஆக்கிட்டீங்களே" என்றாய். என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டாய்.

பதில் இதுதான். அந்தச் சாமான்களை எந்தத் தொரையும் உன் தாத்தாவுக்குக் கொடுக்கவில்லை. நான் திருடினேன்.

நான் தேயிலைத் தோட்டத்து கராஜில் பிட்டராக இருந்தது உனக்குத் தெரியும். வெள்ளைக்காரத் தொரை விட்டுப்போன அந்த ரைலி கார் பங்களாவுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் வருஷக்கணக்காக நின்றது. தோட்டம் அரசாங்கத்துக்கு மாறியபோதும் நின்றது, பிறகு கம்பெனிக்கு மாறியபோதும் நின்றது. ஆரம்பத்தில் மாதம் ஒரு தடவை போய் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்வார்கள். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டார்கள். கூரைத்தகரம் ஓட்டையாகி டாஷ்போர்ட் மேல் மழைநீர் சொட்டுவதை ஒருநாள் பார்த்தேன். கடிகாரம் பாழாகிப் போகிறதே என்று கழற்றி எடுத்து வந்தேன். காய வைத்துத் திருப்பிப் பூட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் திருப்பிப் பூட்டவில்லை. அடுத்த மாதம் ஒரு விளக்கு, அப்புறம் மற்றது. என் அப்பா ஓட்டிய கார், யாருக்கும் வேண்டாமல் துருப்பிடிக்கிறது, என்னைவிட யாருக்கு உரிமை என்று நினைத்தேன். திருடுகிறேன் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. சாப்பாட்டுப் பைக்குள் வைத்துத்தான் கொண்டு வந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு தோட்ட மேனேஜராக ஒரு புதுத் தொரை வந்தார். பழைய கார் சேர்க்கிற யாரோ அதைக் கேட்டிருக்கிறார்கள். மூடியிருந்த படங்கை எடுத்துப் பார்த்தபோது பாதிக் கார்தான் இருந்தது. பங்களா வாச்சராக அப்போது ராமையா என்று ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கொட்டகைச் சாவி அவரிடம் இருந்தது. நான் கேட்கும்போதெல்லாம் கராஜ் வேலைக்கு என்று நம்பிச் சாவியைக் கொடுத்தவர். ஆபீசில் விசாரணை வைத்தார்கள். என்னென்ன காணவில்லை என்று பிட்டர்தானே சொல்ல வேண்டும், அதனால் என்னிடம் தாள் கொடுத்து லிஸ்ட் எழுதச் சொன்னார்கள். நான் உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் எழுதினேன். கிளாக்கர் அதைச் சத்தமாக வாசித்தார். ராமையா, "நான் எடுக்கலீங்க, எனக்கு ஒன்னும் தெரியாதுங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே வேலையாட்கள் பேரேடான செக்ரோலில் அவர் பெயரை வெட்டினார்கள். வேலை போனால் குடியிருக்கத் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். ஒரு கிழமைக்குள் மனைவியையும் பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியைத் தூக்கி லொறியில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். எல்லோரும் பார்க்க, ஒரு நல்ல மனுஷனைப் போல.

தாத்தாவுக்குத் தொரை கொடுத்தது என்ற கதையை அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னேன், நீ அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்து இது என்ன என்று கேட்ட அன்றைக்கு. உனக்கு ஏழு வயது. வாயில் வந்ததைச் சொன்னேன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னாய், கோயிலில் சொன்னாய். பூசை முடிந்த ஞாயிறுகளில் மண்ணெண்ணெய்த் துணியோடு என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விளக்குகளைத் துடைத்தாய். அந்தச் சாமான்களால்தான் நீ மெக்கானிக் ஆனாய் என்று உன் சிநேகிதர்களிடம் சொல்வாய். அதைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லும் வழி இன்னும் கொஞ்சம் அடைபட்டது. பிள்ளைகளிடம் அவசரத்துக்கு ஒரு கதை சொல்லிவிடாதே, தம்பி. நாம் மறந்துவிடுவோம். அவர்கள் அதன் மேல் ஏறி நிற்கப் பழகிவிடுவார்கள்.

பொலிசில் நான் இல்லை என்று சொன்னது நேர்மையால் என்று நினைத்துவிடாதே. பயத்தால் சொன்னேன். சத்தியம் செய்து பொய் சொல்லவும் பயம், உன் முன்னால் உண்மை சொல்லவும் பயம். அதனால் என்ன ஆனது தெரியுமா? சாமானுக்குச் சொந்தக்காரன் இல்லை என்று ஆனதும், திருட்டுச் சாமான் அவருடைய கடைக்கு எப்படி வந்தது என்று அந்த நானாவையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவர் நம் வீட்டுக்கே வந்தார். உனக்கு அது தெரியாது. வாசலில் நின்று, "எங்கட வாப்பா வயசுல இருக்கிறீங்க. உங்களோடதில்லண்டா இல்லதான். ஆனா உங்கட மகன் பொய் சொல்ற ஆள் மாதிரி எனக்கு விளங்கல்ல. என்ன நடந்திச்சி எண்டு மட்டும் சொல்லுங்க" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். நான் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. அவர் போன பிறகு, நான் மறுபடியும் லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிறேன் என்று விளங்கியது.

மறுநாள் காலையில் கித்துல்கலைக்குப் போனேன். ராமையா அங்கே ஒரு சிங்கள முதலாளியின் ரப்பர் காணியில் வேலைக்குச் சேர்ந்தார் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். முப்பது வருஷமாக அந்த ஊர்ப் பக்கமே நான் போனதில்லை. ஆற்றில் ரப்பர் படகு விடுகிற இடத்தில் விசாரித்தேன். கரையிலிருந்து கொஞ்சம் மேலே தகரக் கூரை போட்ட ஒரு வீட்டைக் காட்டினார்கள். ராமையா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் பார்வை குறைந்துவிட்டது. நான் பெயரைச் சொன்னதும், "தெரியுது, குரல்ல தெரியுது. உக்காருங்க" என்றார்.

"அண்ணே, அந்தக் கார் சாமான எடுத்தது நாந்தான்" என்றேன். வழி முழுக்க வேறு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். அவ்வளவுதான் வந்தது.

"தெரியும்" என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். அவரே சொன்னார். "கிளாக்கர் ஐயா லிஸ்ட்ட வாசிச்சாருல்ல. கடியாரம் ஒன்னு, பின்னால பித்தள வாஷர் ரெண்டுன்னு. கடியாரத்துக்குப் பின்னால இருக்கிற வாஷர் பித்தளையா இரும்பான்னு கழட்டினவனுக்குத்தான தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"யாரு நம்புவா? வாச்சர் பேச்சா, பிட்டர் பேச்சா? அப்படியே நம்பினாலும் உங்களையும் சேத்துத்தான் வெரட்டுவாங்க. உங்க வீட்டுல அப்ப புள்ள பொறந்து மூணு மாசம். பச்ச உடம்போட அந்தத் தங்கச்சி எங்க போகும்னு யோசிச்சேன். நீங்களே வந்து சொல்லிருவீங்கன்னும் நெனச்சேன். லொறி கௌம்புற வரைக்கும் நெனச்சேன்."

அந்தப் பிள்ளை நீ. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சுமக்கச் சொல்லவில்லை, தெரிந்துகொள் என்றுதான் சொல்கிறேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். "எங்கிட்ட எதுக்கு? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். எம் பொஞ்சாதிக்குத்தான் தெரியல. சாகிற வரைக்கும் அவ ஒருநாளும் எங்கிட்ட கேக்கல, எடுத்தியா இல்லையான்னு. கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். அவ கேக்கவே இல்ல." கீழே ஆற்றில் படகில் போகிறவர்கள் கூச்சல் போட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "உள்ள எம் மக இருக்கு. அதுகிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றார்.

உள்ளே போனேன். அவள் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். அன்று பத்து வயதில் லொறியில் ஏறிய பிள்ளை. தலையில் நரை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியை வைக்காமல் கேட்டாள். முடிந்ததும் பால் ஒட்டிய கையில் தேங்காயெண்ணெய் தடவி மெதுவாகத் துடைத்தாள். "இத இங்க வந்து அடுப்படியில சொன்னா எப்படி? தோட்டத்துல வச்சித்தான எங்கள கள்ளன்னு சொன்னாங்க. அங்க வந்து சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள், "அந்தச் சாமான் தொடச்ச துணியெல்லாம் நாந்தான தொவச்சேன்" என்றாள். இன்றுவரை சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. அது சரிதான்.

பிறகு வரக்காப்பொலைக்குப் போனேன். முதலில் நானாவின் கடை. அவரே என் கூட பொலிசுக்கு வந்தார். சார்ஜன்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எடுத்தது, எழுதியது, இல்லை என்று பொய் சொன்னது. அவர் இரண்டு தடவை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். சாமான் கோர்ட்டுக்குப் போகும், தோட்டத்துக் கம்பெனிக்கும் அறிவிப்பார்கள், என் மேல் வழக்கு வருமா என்று அவரால் இப்போது சொல்ல முடியாது என்றார். வந்தால் வரட்டும். அந்தச் சாமான்கள் இனி நம் வீட்டுக்கு வராது. நீ படம் போட்ட இடத்திலேயே உண்மையையும் போட்டுவிடு, நானாவின் பெயருக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது. இது ஒன்றை மட்டும் உன்னிடம் கேட்கிறேன்.

இன்று காலை தோட்டத்து மஸ்டரில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடும் நேரத்தில், பேசினேன். இப்போதைய தொரையிடம் முன்னாலேயே அனுமதி கேட்டிருந்தேன். ராமையா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மகள் கையைப் பிடித்தபடி முதல் பஸ்ஸில் வந்திருந்தார். முப்பது பேர் இருப்பார்கள். ராமையா திருடவில்லை, நான்தான் திருடினேன் என்று சத்தமாகச் சொன்னேன். பாதிப் பேர் அன்றைக்குப் பிறக்கவே இல்லை. மீதிப் பேரில் பலர் வேறு டிவிஷனிலிருந்து வந்தவர்கள். ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்தவளிடம், "யாருடி ராமையா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. கங்காணி நேரத்தைப் பார்த்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மலைக்கு ஏறிப் போனார்கள். அவருடைய பெயரைத் திருப்பிக் கொடுக்க வந்தால், அந்தப் பெயரை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. நான் ராமையாவிடம், "அண்ணே, இவங்களுக்கு உங்களத் தெரியல" என்றேன். "பரவால்ல. எம் மக கேட்டுச்சு" என்றார். அவருடைய மகள் பழைய லயம் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே இப்போது பாம் ஆயில் மரம் நிற்கிறது.

மூன்று பேரும் ரோட்டுக்கு நடந்தோம். பஸ்ஸுக்காக நிற்கும்போது ராமையா கேட்டார், "அன்னைக்கு மூணு மாசத்துல இருந்துச்சே, அந்தப் புள்ளைக்கு இப்ப என்னா வயசு?"

"முப்பதுங்க. அடுத்த மாசம் கல்யாணம்."

"அவனுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல அண்ணே."

அவர் நல்ல கண்ணை என் பக்கம் திருப்பினார். "கல்யாணத்துக்கு முந்தியே சொல்லிருங்க. கட்டிக்கப் போற புள்ளகிட்ட சொல்றதுக்கு அவனுக்கும் நாள் வேணும்ல. அந்தப் புள்ளையும் கேக்கணும்ல."

பஸ் வந்தது. மகள் முதலில் ஏறி, கை கொடுத்து அவரை ஏற்றினாள். நான் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா